வெறும் கண்ணாடியில் தெரிந்த சிவப்புக் கோடுகள்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு வைகாசி மாதக் கடைசியில், கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்னும் பகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் இரண்டு வாரம் போலத் தங்கியிருந்தேன். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கிருமிக்குச் சாயம் போடுகிறேன்" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும்.

சிரிக்கிற வேலை இல்லை அது. கிருமிகள் சும்மா பார்த்தால் கண்ணாடியோடு கண்ணாடியாகத் தெரியாமல் போய்விடும். சாயம் ஏற்றினால்தான் பிடிபடும். அதிலும் ஒவ்வொன்றின் உடம்பும் ஒவ்வொரு மாதிரி. குளத்துத் தண்ணீரில் ஊரும் அமீபாவுக்கு மெல்லிய சவ்வு மட்டும்தான். அதனால் அது இஷ்டத்துக்கு வளைந்து நெளியும். புளித்த கள்ளில் இருக்கும் ஈஸ்ட்டுக்கு அந்தச் சவ்வுக்கு மேல் கெட்டியான சுவரும் உண்டு. பாக்டீரியாக்களில் சிலவற்றின் சுவர் ஊதாச் சாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சில, ஸ்பிரிட் பட்டதும் விட்டுவிடும். இன்று தொழுநோய் என்கிறோமே, அன்று பெருவியாதி என்பார்கள், அதன் கிருமி இருக்கிறதே, அது எமகாதகன். அதன் சுவரில் மெழுகு இருக்கிறது. சாயம் லேசில் ஏறாது. சூடு காட்டி ஏற்ற வேண்டும். ஏறிவிட்டால் ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் அந்தச் சிவப்பு போகாது. மற்றதெல்லாம் வெளுத்துப்போய், கடைசியில் ஊற்றும் நீலச் சாயத்தில் நீலமாகிவிட, அது மட்டும் சிவப்புக் கோடு கோடாக நிற்கும். இது தெரிந்த நாலு பேரில் நானும் ஒருவன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

பெருவியாதிக் கணக்கெடுப்புக்காக டாக்டரும் நானும் மலை ஏறினோம். அப்போது பஸ் ஏது, ரோடு ஏது? மைக்ராஸ்கோப் பெட்டியை ஒருவர் தலையில் வைத்துச் சுமந்து வந்தார். டாக்டர் ஊர் முழுக்கப் பார்த்து ஏழு பேருக்கு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். அவர்கள் தோலிலிருந்து துளி கீறி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி வைத்தோம். அவ்வளவில் டாக்டருக்கு மலைக்காய்ச்சல் கண்டுவிட்டது. டோலி கட்டிக் கீழே தூக்கிப்போனார்கள். போகும்போது நடுங்கிக்கொண்டே எனக்கு இரண்டு விஷயம் சொன்னார். புதுச் சாயம் கலக்கினால் முதலில் வெறும் கண்ணாடியில் போட்டுப் பார். முடிவை என்னிடம் மட்டும் சொல், ஊரில் மூச்சு விடாதே.

நான் இரண்டையும் செய்யவில்லை.

காரணம் இருந்தது. என் மனைவி முதல் பிரசவத்துக்காக அவள் அம்மா வீட்டில் இருந்தாள். சாயம் போட உட்கார்ந்த அன்று காலையில்தான், உப்பு வாங்கிக்கொண்டு மலை ஏறி வந்த ஒருவர் சேதி கொண்டுவந்தார். பெண் குழந்தை, இருவரும் சுகம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழந்தை யார் ஜாடை, என்ன நிறம், அழும்போது முகம் எப்படிக் கோணும் என்று மனம் எங்கோ போய்விட்டது. அன்றே ஏழையும் முடித்து, மறுநாள் விடிந்ததும் இறங்கிவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

ஆறு சில்லுகள் முடிந்தன. ஒன்றிலும் கிருமி இல்லை. ஏழாவதுக்குச் சிவப்புச் சாயம் தீர்ந்துவிட்டது. கீழிருந்து கொண்டுவந்த, காய்ச்சி வடித்த சுத்த நீரும் காலி. பொடியைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். அந்த ஊரில் பாறைக்கு அடியில் ஓர் ஊற்று. அதிலிருந்து மூங்கில் குழாயில் இறங்கும் தண்ணீர் ஒரு மரத்தொட்டியில் விழும். ஊற்றுக் கண்ணுக்கு யாரும் செருப்புக் காலோடு போகக் கூடாது என்பது ஊர்க்கட்டு.

"பூட்சக் கழட்டிப்போட்டுப் போனீங்கன்னா கண்ணுலயே மோந்துக்கலாமுங்க. தொட்டித் தண்ணி வேண்டாமுங்க, பாசி" என்று அங்கே குடம் வைத்திருந்த பெண் சொன்னாள்.

என் காலில் கிடந்தது பட்டாளத்துப் பழைய பூட்ஸ். அட்டைக்குப் பயந்து, முழங்கால் வரை துணி சுற்றிக் கட்டியிருந்தேன். அதை அவிழ்த்து மறுபடி கட்ட யாருக்குப் பொறுமை? "தண்ணியில என்னம்மா பேதம்?" என்று வழுவழுவென்று பச்சை படிந்த அந்தத் தொட்டியிலேயே மொண்டுகொண்டு வந்துவிட்டேன்.

ஏழாவது சில்லு, அந்தப் பெண்ணுடையதுதான். கீறி எடுத்த அன்று, டாக்டரைப் பார்க்க வந்த முழங்கால் வலிக்காரர்களையெல்லாம் முன்னால் போகவிட்டுக் கடைசியாக வந்து நின்றவள். இருபது வயது இருக்கும். இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை. அவள் முழங்கைக்கு மேல் வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது. தேமல் மாதிரிதான் இருக்கிறது, எதற்கும் பார்த்துவிடு என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார்.

மைக்ராஸ்கோப்பின் அடிக் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பிக் குனிந்து பார்த்தேன். நீலப் பின்னணியில் சிவப்புக் கோடுகள்! ஒன்று, இரண்டு, ஏழெட்டு. பக்கத்தில் ஊர்க்கவுண்டர் நின்றிருந்தார். "என்னங்க தம்பி தெரியுது?" என்றார்.

என் வாய் இருக்கிறதே! "இருக்குதுங்க! இந்தப் பொண்ணுக்கு இருக்குது!" என்று கத்திவிட்டேன். தேடியது கிடைத்துவிட்ட குஷி. அந்தக் குஷியை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பொழுது சாய்வதற்குள் அவளை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். எதிர்ச் சரிவில், சாமைக் காட்டுக்குக் காவல் இருக்கும் குடிசை ஒன்று இருந்தது. ஒரு பாய், இரண்டு சட்டி, கொஞ்சம் மாவு. குழந்தையை அவள் இடுப்பிலிருந்து புருஷன் பிரித்து வாங்கிக்கொண்டான். அவள் சண்டை போடவில்லை. "ராத்திரிக்குப் பாலுக்கு அழுவாளுங்க" என்று மட்டும் யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள். ஊர்க்கவுண்டர் கெட்டவர் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊர்ல இத்தன உசுரு இருக்குதுங்களே தம்பி, நான் என்னத்தச் செய்யறது?" என்றார்.

விடிந்ததும் இறங்கலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது. பெட்டி சுமப்பவர், தடம் வழுக்கும், பெட்டியும் போகும் ஆளும் போவோம் என்று கையை விரித்துவிட்டார். ஆறு நாள். அந்த ஆறு நாளும் சாயங்காலம் மழை சற்று விடும்போது ஒன்று நடக்கும். அவள் புருஷன் குழந்தையோடு ஊர்க்கோடிப் பாறைமேல் ஏறுவான். இரண்டு கையாலும் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பான். எதிர்ச் சரிவில் குடிசை வாசலில் அவள் நிற்பாள். இடையில் பள்ளம், நெல் வயல், மூடிமூடி விலகும் பனி. முகம் தெரியாது. ஒரு துணி அசைவது மட்டும் தெரியும். பனி மூடிவிட்டாலும் அவன் தூக்கிய கையை இறக்க மாட்டான். அவளும் உள்ளே போயிருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

நான் ஒதுங்கி நின்று பார்ப்பேன். எனக்கும் ஏக்கம்தான். மலைக்குக் கீழே, மேகத்துக்கு அடியில் எங்கோ என் மகள் இருந்தாள். என்னால் துணிகூட அசைத்துக் காட்ட முடியாது. எதிர்ச் சரிவில் நிற்பவளுக்கும் எனக்கும் ஒரே துக்கம் என்று அசட்டுத்தனமாக நினைத்துக்கொண்டேன். எனக்கு மழை விட்டால் தீர்ந்தது. அவளுக்கு எது விட்டால் தீரும்?

ஏழாம் நாள் வெயில் அடித்தது. பெட்டியோடு கிளம்பினோம். இறங்கும் தடம் அந்தக் குடிசையை ஒட்டித்தான் போனது. அவள் பத்தடி தள்ளி நின்று கூப்பிட்டாள்.

"ஏனுங்க சாமி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு அம்மிணி."

"அந்தப் பூச்சிய எனக்கும் காட்டுங்க. என் புள்ளகிட்ட என்னப் போகவிடாமப் பண்ணுனது எப்புடி இருக்குதுன்னு ஒருக்காப் பாத்துக்கறேன்."

அவள் ரவிக்கை போட்டிருக்கவில்லை, மேல்சேலை இரண்டு இடத்தில் பாலால் நனைந்து ஒட்டியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாறையில் மைக்ராஸ்கோப்பை வைத்து, அவளுடைய சில்லையே மாட்டி, நான் விலகி நின்றேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். தெளிவாகத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருந்த திருகாணியை மெதுவாகத் திருப்பச் சொன்னேன்.

வெகுநேரம் பார்த்தாள். திருகை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு தலையை எடுக்காமலே கேட்டாள்.

"நீலமா இருக்கறது என்னுங்க?"

"உன் தோலு."

"செவப்புத்தான் பூச்சிங்களா?"

"ஆமா. அதுக்கு மேல ஒரு மெழுகுச் சட்டை. அதான் ஆசிட்டுக்கும் சாயம் போகல."

"தேன்மெழுகு மாதிரிங்களா?" என்றாள். பிறகு, "ஆனா சாமி, ரெண்டும் ஒரே எடத்துல இல்லீங்களே. நீலம் தெளிஞ்சா செவப்பு கலங்குது. செவப்பு தெளிஞ்சா நீலம் கலங்குது. குட்டையில அடிச்சேறு ஒரு பக்கம், மேல மெதக்குற சருகு ஒரு பக்கங்கற மாதிரி இருக்குதுங்க. எனக்குள்ள இருக்கற பூச்சி எம்மேல எப்புடிங்க மெதக்கும்?"

ஓடிப்போய்க் குனிந்தேன். திருகைத் திருப்பினேன். அவள் சொன்னது அப்படியே சரி. பெருவியாதிக் கிருமி என்றால் தோலோடு தோலாக, கட்டுக் கட்டாக உள்ளே கிடக்க வேண்டும். இவை தனித்தனியாக மேலே மிதந்தன. படித்தவன் நான் திருகை ஒரு முறை திருப்பியதோடு கத்திவிட்டேன். அவள் தன் பிள்ளைக்காகப் பார்த்தாள், அதனால் கடைசி வரை பார்த்தாள்.

அவள் அதோடு விடவில்லை. "மெழுகுச் சட்ட போட்டிருக்கறது இது ஒண்ணுதானுங்களா, இல்ல வேற பூச்சியும் போட்டிருக்குதுங்களா?"

அப்போதுதான் டாக்டர் எப்போதோ சொன்னது காதில் இடி மாதிரி விழுந்தது. மண்ணிலும் பாசித் தண்ணீரிலும் ஒரு சாதிக் கிருமி உண்டு. ஒரு பாவமும் அறியாதது. அதற்கும் அதே மெழுகுச் சுவர். ஆசிட்டுக்கு அதுவும் அசையாது.

ஒரு வெறும் கண்ணாடியை எடுத்தேன். தோல் இல்லை, ரத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. பாட்டிலில் மிச்சமிருந்த அதே சாயத்தை ஊற்றிச் சூடு காட்டி, ஆசிட்டில் கழுவி மாட்டினேன். சிவப்புக் கோடுகள். ஏழெட்டு இல்லை, அதைவிட அதிகம். தொட்டியில் இருந்ததை நானே சாயத்தில் கலக்கி, அவள் தோல்மேல் ஊற்றி, அவளைப் பெற்ற பிள்ளையிடமிருந்து பிரித்துவிட்டேன்.

அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "தப்பு எம்மேலதான் அம்மிணி. உனக்கு இருக்குதுன்னு சொன்னது பொய்யாப் போச்சு." அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திரும்பி, எதிரே அந்தப் பாறையைத்தான் பார்த்தாள்.

பெட்டியைத் திருப்பி ஊருக்குள் கொண்டுபோனேன். இந்த முறை ஊற்றுக் கண்ணுக்குப் போனேன், பூட்ஸைக் கழற்றிவிட்டு. இரண்டு காலிலும் அட்டை அப்பிக்கொண்டது. கடிக்கட்டும் என்று விட்டேன். தண்ணீரைக் காய்ச்சி, மடித்த துணியில் வடிகட்டி, புதுச் சாயம் கலக்கி, முதலில் வெறும் கண்ணாடியில் போட்டுப் பார்த்தேன். சுத்தம். அப்புறம் அவள் கையிலிருந்து, காது மடலிலிருந்து, மூக்கிலிருந்து எடுத்து, மூன்று நாள் வெயில் வந்தபோதெல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த வட்டத்தைச் சுரண்டிப் பார்த்ததில் தேமலை உண்டாக்கும் பூஞ்சைக் காளான்தான் தெரிந்தது. கண்ணை மூடச் சொல்லி, அந்த வட்டத்தில் பஞ்சு நூலால் தொட்டேன். பெருவியாதி வட்டம் என்றால் தொடுவதே தெரியாது. இவள் தொட்ட இடத்தையெல்லாம் தவறாமல் காட்டினாள்.

ஊர் கூடியது. நான் நடந்ததைச் சொன்னேன். பூட்ஸ் விஷயம்கூட விடாமல் சொன்னேன். ஊர்க்கவுண்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அன்னிக்கி இருக்குதுன்னீங்க. இன்னிக்கி இல்லீங்கறீங்க. எதைங்க தம்பி நாங்க நம்பறது?" என்றார். பிறகு, "ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. உங்க ஊட்லயும் இப்பப் பொம்பளப் புள்ள பொறந்திருக்குதுன்னாங்க. அந்தப் புள்ளைய இவ மடியில போடுவீங்களா?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். தள்ளி நின்ற அவளும் பார்த்தாள்.

"போடுவேனுங்க. குழந்தைக்கு மூணு மாசம் ஆகட்டும். நானே தூக்கிட்டு வாரேன். இது சத்தியமுங்க" என்றேன். சொல்லிவிட்டு, அவள் குடிசையில் கிண்டி வைத்திருந்த களியை வரவழைத்து, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் அவள் கையாலேயே உருட்டிப் போடச் சொல்லித் தின்றேன். ஊர்க்கவுண்டர் எழுந்து அவள் புருஷனைப் பார்த்து, "போ கண்ணு, ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

குழந்தை அவளிடம் போகவில்லை. ஒன்பது நாளில் முகம் மறந்துவிட்டதோ, கோபமோ, அப்பன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் அவசரப்படவில்லை. எதிரே உட்கார்ந்து, அன்று அசைத்த அதே துணியை எடுத்து மெல்ல அசைத்துக் காட்டினாள். குழந்தை திரும்பிப் பார்த்தது. மறுபடி அசைத்தாள். மெதுவாகத் தவழ்ந்து வந்து அந்தத் துணியைப் பிடித்தது. அப்புறம்தான் அவள் வாய்விட்டு அழுதாள். அத்தனை நாளும் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

நான் கிளம்பும்போது தடம் வரை வந்தாள். "உங்க புள்ளைய மறக்காமக் கொண்டாங்க சாமி. பலாப்பழம் எடுத்து வெச்சிருப்பேன்" என்றாள்.

அடிவாரம் போய், டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு திட்டு வாங்கி, நேரே என் மகளைப் பார்க்க ஓடினேன். உள்ளங்கை அகல முகம். தூக்கினேன். கீழே வைக்க மனசே வரவில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. மழைக்காலம், போக முடியாது என்றேன். ஆறு மாதம் ஆயிற்று. மலைக்காய்ச்சல் இருக்கிறது, குழந்தைக்கு ஆகாது என்றேன். பிறகு வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிவிட்டது என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் இப்படித்தான் சொன்னேன். என் மனைவிகூடப் போய் வரலாமே என்றுதான் சொன்னாள். உண்மையை இப்போது சொல்கிறேன். என் கண்ணால் பார்த்து, என் கையால் சோதித்து, அவளுக்கு ஒன்றுமில்லை என்று ஊருக்கே நிரூபித்தவன் நான். அவள் கையால் வாங்கித் தின்றவனும் நான். ஆனால் என் மகள் என்று வந்தபோது, மனசின் அடியில் எங்கோ ஒரு துளி பயம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆசிட்டால் கழுவினாலும் போகாத பயம்.

அந்த வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றேன். ஒவ்வொரு புதுச் சாயத்துக்கும் வெறும் கண்ணாடி பார்க்காமல் ஒரு நாளும் நான் உட்கார்ந்ததில்லை. பார்க்கும்போதெல்லாம் பனிக்கு நடுவே ஒரு துணி அசையும். மலைக்கு இப்போது பஸ் போகிறதாம். என் மகளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது, இனி யார் மடியிலும் போட முடியாது. பலாப்பழக் காலம் வந்தால் மட்டும், மலையில் அவள் ஒரு பழத்தை எடுத்து வைத்துவிட்டுத் தடத்தைப் பார்த்திருப்பாளே, எத்தனை வருஷம் பார்த்திருப்பாள் என்று நினைத்து, என் வீட்டில் ஒரு சுளைகூட எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.